எருக்கங்களத்தில் மை காயவில்லை

எருக்கங்களத்தில் காயாத பொருள் என்று ஒன்று அதுவரைக்கும் இருந்ததே இல்லை. கொடியில் சேலையை விரித்துவிட்டு வாளியை உள்ளே வைத்துத் திரும்பினால் சேலை மொடமொடவென்று நிற்கும். வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் கொட்டியவள் நிமிர்வதற்குள் மண் அதைக் குடித்துவிட்டுச் சும்மா கிடக்கும். பிள்ளைகள் அழுதால் கண்ணீர் கன்னத்தைத் தாண்டாது, துடைத்துவிட ஆள் வருவதற்குள் உப்புக் கோடு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அந்த வெயிலை நம்பித்தான் ஊரே பிழைத்தது. சுற்றுவட்டாரத்து மிளகாய் அத்தனையும் அங்கே வந்துதான் காய்ந்தது. ஊருக்குத் தெற்கே சிமெண்டு பூசிய களங்களில் பெண்கள் பலகை வைத்த கொம்பால் புரட்டிப் புரட்டிக் காயவைப்பார்கள், ஆண்கள் மூட்டை கட்டுவார்கள், மூட்டைக்கு ஒரு அட்டை தைத்து அதில் 'நன்கு காய்ந்த சரக்கு' என்று எழுதுவார்கள், எழுதி முடித்த பிறகு லாரி வருவதற்கு முன்னால் மூட்டைகளின்மேல் வாளித் தண்ணீரைத் தெளிப்பார்கள். எடைக்காக. தெளிக்கிறவர்களுக்கும் தெரியும், வாங்குகிறவர்களுக்கும் தெரியும், ஆகையால் அதைப் பொய் என்று யாரும் சொன்னதில்லை.

அட்டைகளை எழுதியவர் கருமலையான். மண்டியில் அவருக்கு அதுதான் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த எழுத்தை அப்படியே வாங்கிக்கொண்டு பிறந்த அவருடைய ஒரே மகள் இருளேஸ்வரி, மண்டிக்காரர்கள் கமிட்டி போட்டு நடத்திய பள்ளியில் பத்தாம் வகுப்பு படித்தாள். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சையில் கணக்கு டீச்சர் கூட்டலில் தவறி ஏழு மதிப்பெண்ணைக் கூடப் போட்டுவிட, தாளை எடுத்துக்கொண்டு போய்த் திருத்தச் சொல்லி, முதல் இடத்திலிருந்து தானாக நாலாவது இடத்துக்கு இறங்கி வந்தவள் அவள். அதற்கு அவள் அம்மா பஞ்சவர்ணம் இரண்டு நாள் பேசவில்லை. ஊர் அதை ஒரு நோய் மாதிரிப் பேசிக்கொண்டது, சின்ன வயசுதானே, சரியாகிவிடும் என்று.

அந்த ஜூன் மாதம் புதுத் தலைமையாசிரியர் வந்தார். சண்முகவேலாயுதம் என்று பெயர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா, கண்ணில் அப்படி ஒரு நம்பிக்கை. முதல் திங்கட்கிழமையே கொடிக்கம்பத்துக்குக் கீழே நின்று, "ஆள் பாக்குற எடத்துல திருடாம இருக்குறதுக்குப் பேரு பயம். ஆள் இல்லாத எடத்துல திருடாம இருக்குறதுதான் நேர்மை. இனிமே இந்தப் பள்ளிக்கூடத்துல பரீட்சைக்குக் கண்காணிப்பு கிடையாது" என்று சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்கள் எதற்காகத் தட்டினார்கள் என்பது பாவம் அந்த மனிதருக்குப் புரியவில்லை. ஒரு உறுதிமொழியும் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இந்தத் தாளில் இருப்பது என் உழைப்பு, நான் யாரையும் பார்த்து எழுதவில்லை, யாரும் பார்த்து எழுதக் காட்டவும் இல்லை என்று மூன்றே வரி. வாராவாரம் திங்கட்கிழமை அதை ஒருவர் மைக்கில் வாசிக்க, நானூறு பிள்ளைகளும் திருப்பிச் சொல்ல வேண்டும். தேர்வுத் தாளின் முதல் பக்கத்திலும் அதை எழுத வேண்டும். யார் வாசிப்பது என்று கேட்டபோது, ஏழு மதிப்பெண் கதையைச் சொல்லி எல்லாரும் இருளேஸ்வரியைத் தள்ளிவிட்டார்கள், பாதி கேலிக்கும் பாதி நிஜத்துக்குமாக.

அவள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். மைக்கைப் பிடிக்கும்போது கை நடுங்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்டு என்று ஒவ்வொரு திங்களும் நானூறு வாய்கள் அவளுக்குப் பின்னால் அந்த வரிகளைச் சொல்லும்போது, இத்தனை பேர் சேர்ந்து சொல்வது எப்படிப் பொய்யாகும் என்று அவள் நினைத்தாள்.

செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வந்தது. பத்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். குருவம்மாள் டீச்சர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, தலைமையாசிரியர் சொல்லியிருந்தபடி கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். முதல் பத்து நிமிஷம் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு யாரோ ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏய், நெசமாவே ஆளு இல்லடி" என்றார்கள். அதற்குப் பிறகு பிட்டு எழுதிக்கொண்டு வந்தவர்கள்தான் ஏமாந்துபோனார்கள், ஏனென்றால் மற்றவர்கள் புத்தகத்தையே எடுத்து வைத்துக்கொண்டார்கள். பந்தியில் இலைக்கு இலை பதார்த்தம் போவதுபோல் விடைத்தாள்கள் பெஞ்சுக்குப் பெஞ்சு போயின. இருளேஸ்வரிக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவரும் சிநேகிதி ஜெனோவா, முழங்கையால் இடித்தாள்.

"இருளு, நாலாவது கணக்குக்கு விடைய மட்டும் சொல்லுடி."

"திங்கக்கெழம சொன்னோம்ல ஜெனோ."

"அது மைக்குக்குச் சொன்னது. இது பரீட்சடி."

இருளேஸ்வரி தன் தாளைக் கையால் மறைத்தாள். அதோடு விட்டிருந்தாலும் ஊர் மன்னித்திருக்கும். அவள் எழுந்து, கதவைத் திறந்து, வராந்தாவைக் கடந்து தலைமையாசிரியர் அறைக்குப் போய், "சார், எல்லாரும் பாத்து எழுதுறாக சார்" என்று சொல்லிவிட்டாள். சண்முகவேலாயுதம் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வைத்துவிட்டு வெளியே வெயிலைக் கொஞ்சநேரம் பார்த்தார். "நம்பணும்மா," என்றார். "நம்புனாத்தான் மாறுவாக. நீ போயி ஒன் பரீட்சைய எழுது." அவள் திரும்பி வந்து எழுதினாள். வகுப்பில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

மணி அடித்ததும் குருவம்மாள் டீச்சர் தாள்களை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தார். அலுவலக அறைக்குப் போய் இறக்கி வைத்தபோது அவருடைய சந்தன நிறச் சேலை முழுக்க நீலமாக இருந்தது. எழுத்தைத் தொட்டார், விரலில் ஒட்டியது. ஊதிப் பார்த்தார். விசிறிக்குக் கீழே பரப்பிப் பார்த்தார். சாயங்காலம் வரைக்கும் மை அப்போதுதான் எழுதியதுபோல் பளபளவென்று ஈரமாகவே நின்றது.

முதலில் பேனாவைத் திட்டினார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே பேனா விற்ற கடைக்காரர் பாவம், விற்ற ரீபிள் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் வேறு பேனாவில் எழுதினார்கள், அதுவும் காயவில்லை. பிறகு தாளைத் திட்டினார்கள். பிறகு புரட்டாசியைத் திட்டினார்கள். ஐந்து தேர்வும் முடிந்து ஐந்து கட்டுகளும் அலுவலக மேசையில் சொட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிக் கமிட்டிச் செயலாளரும் ஊரிலேயே பெரிய மண்டிக்குச் சொந்தக்காரருமான தவசிலிங்கம் வந்து பார்த்துச் சிரித்தார். "காயலேன்னா காயவப்போம். காயவைக்க இந்த ஊருக்குச் சொல்லிக் குடுக்கணுமாக்கும்?"

அப்படித்தான் அந்தத் தப்பைச் செய்தார்கள், வேறெந்த ஊரும் செய்திருக்காது. விடைத்தாள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தவசிலிங்கத்தின் களத்தில், கிட்டங்கியிலிருந்து வெயில் காட்ட எடுத்துப் போட்டிருந்த பழைய மிளகாய்க்குப் பக்கத்திலேயே பரப்பினார்கள். பெண்கள் பலகைக் கொம்பை எடுத்துத் தாள்களையும் புரட்டினார்கள், அடிப்பக்கம் மேலே வரும்படி, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி, கைப்பழக்கத்தில். மூன்று நாள் வெயில், கல்லைப் பிளக்கிற வெயில். மூன்றாம் நாள் பார்த்தால், தாள்களிலிருந்து மை ஓடிச் சரிவுப் பக்கம் வாய்க்காலாகி மிளகாய்க்குள் இறங்கியிருந்தது. சிவப்பு மிளகாய் கத்தரிக்காய் நிறத்தில் கிடந்தது. அதன் பிறகு அதுவும் காயவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் காற்று கிளம்பியது. ஈரத் தாள்கள் களத்தோடு ஒட்டிக் கிடந்தன. அப்பளம்போல் மொறுமொறுவென்று காய்ந்திருந்த ஐந்தே ஐந்து தாள்கள் மட்டும் எழும்பிப் பறந்து, சாலையைக் கடந்து, டீக்கடை வாசலில் போய் விழுந்தன. டீக்கடையில் இருந்தவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். ஐந்திலும் ஒரே பெயர்.

"யாரு மக?"

"நம்ம கருமலையான் மக."

"ஓ," என்றார்கள். அந்த 'ஓ' சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

அதற்குள் பிள்ளைகளின் கைகளும் நீலமாகிவிட்டிருந்தன. பேனாவைப் பிடித்த மூன்று விரலில் தொடங்கி, உள்ளங்கை, மணிக்கட்டு வரைக்கும் ஈர மை. அம்மாக்கள் புளி வைத்துத் தேய்த்தார்கள், எலுமிச்சம்பழம், மண்ணெண்ணெய், அடுப்புச் சாம்பல் எல்லாம் தேய்த்தார்கள், தோல்தான் உரிந்தது. முதல் வாரம் ஊர் அழுதது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. சோற்றில் நீலம் படாமல் இருக்கக் கரண்டியால் சாப்பிடப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். பிறகு, படிந்தால் என்ன, உப்பும் இல்லை கசப்பும் இல்லை என்று கரண்டியையும் விட்டுவிட்டார்கள். கோயில் பூசாரி நீலக் கைகளில் திருநீற்றைப் போட்டார், சர்ச்சில் நீலக் கைகள் கூப்பிக்கொண்டன, பேருந்து நடத்துனர் நீலக் கைகளிலிருந்து காசை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மனிதர்களுக்கு எதுவும் பழகிவிடும் என்பதைப் போலப் பயங்கரம் வேறெதுவும் இல்லை.

பழகியது பெரியவர்களுக்கும் பரவியது. நீல மிளகாயை என்ன செய்வது என்று தவசிலிங்கம் ஒரு நாள் யோசித்துவிட்டு மூட்டை கட்டச் சொன்னார். கருமலையான் வழக்கம்போல 'நன்கு காய்ந்த சரக்கு' என்று அட்டை எழுதினார். எழுத்து காயவில்லை. அவர் இருபது வருஷமாக எழுதிய வாசகம் அது, அதுவரை காய்ந்துகொண்டுதான் இருந்தது. அவர் தன் விரல்களைப் பார்த்தார், வேட்டியில் துடைத்தார், அடுத்த அட்டையை எடுத்தார். வாங்குகிறவர்களும் வாங்கினார்கள். அவர்களுடைய ரசீதும் ஈரமாகத்தான் வந்தது.

ஓடிப்போன எழுத்தை வாசிக்க முடியாமல் ஆசிரியர்கள் தவித்தபோது, தலைமையாசிரியர் இரண்டு நாள் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண்காணிப்பே இல்லாமல் நடத்திய தேர்வைப் பற்றி விசாரிக்க மேலிடத்திலிருந்து அதிகாரி வருவதாகக் கடிதம் வந்திருந்தது. நாற்பத்தொரு பேர் பார்த்து எழுதினார்கள் என்று எழுதினால் நம்பிக்கை செத்துப்போகும். அவர் பதிவேட்டை எடுத்து, எல்லாப் பெயருக்கும் நேராக நல்ல மதிப்பெண்களாகப் போட்டார். ஒரு வாரம் அவர் வலது கையைக் கால்சட்டைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடந்தார். எட்டாம் நாள் வெளியே எடுத்துவிட்டார். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. அதிகாரி வந்தார், பார்த்தார், நிலத்தடி ஈரத்தால் ஏற்படும் தற்காலிக நிலைமை என்று அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டார், கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

தீபாவளிக்குப் பிறகு பள்ளிச் சீருடையை மாற்றினார்கள். வெள்ளைச் சட்டை போய்க் கருநீலச் சட்டை வந்தது. கறை தெரியாது என்று அம்மாக்கள் சந்தோஷப்பட்டார்கள். அன்றைக்குத்தான் இருளேஸ்வரியின் கை நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

அது நாள்வரை பேசாமல்தான் இருந்தார்கள். இப்போது கருநீலச் சட்டைக் கையிலிருந்து வெளியே நீண்ட அந்த வெறும் கையைப் பார்க்கும்போதெல்லாம் எல்லாருக்கும் எரிந்தது. அவள் உட்கார்ந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. அவள் குடித்த குழாயில் தண்ணீர் குடிக்கவில்லை. 'சுத்தம்' என்று பெயர் வைத்தார்கள். போகிற போக்கில் ஈரக் கையை அவள் முதுகில் பதித்துவிட்டு ஓடுவார்கள். அந்தக் கைத்தடம் அவள் சட்டையில் நாலு எட்டு வைப்பதற்குள் காய்ந்து பொடியாக உதிர்ந்துவிடும், அது அவர்களை இன்னும் கோபப்படுத்தியது. ஜெனோவா ஒரு நாள் எதிரே வந்தபோது இருளேஸ்வரி வழி மறித்தாள்.

"எங்கூடப் பேசமாட்டியா ஜெனோ?"

"பேசுனா என் கையத்தானேடி பாக்குற."

"நான் பாக்கல."

"நீ பாக்காட்டியும் எனக்குத் தெரியுதுல்ல," என்றாள் ஜெனோவா. அவள் கண்ணில் பகை இல்லை, வெட்கம்தான் இருந்தது. இருளேஸ்வரிக்கு அந்த வெட்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. பகை இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பாள்.

திங்கட்கிழமை உறுதிமொழி மட்டும் நிற்கவில்லை. அவள் வாசிக்க, நானூறு பேர் முன்னைவிடச் சத்தமாகத் திருப்பிச் சொன்னார்கள்.

டிசம்பர் பிறந்ததும் தவசிலிங்கம் கருமலையானைக் கூப்பிட்டு அனுப்பினார். கோபமாகப் பேசவில்லை, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லித்தான் பேசினார். "ஒம் மக நல்ல பிள்ளதான். நான் இல்லேங்கல. ஆனா பாரு, ஊருல நாப்பது வீட்டுப் பிள்ளைக இருக்கு. எல்லாக் கையும் ஒண்ணா இருந்தா அது ஊரோட நெறம். ஒரு கை மட்டும் வேறயா இருந்தா மத்ததெல்லாம் கறையாத் தெரியுது. அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறமும் இப்படியேன்னா டிசி குடுத்துற வேண்டியதுதான். நடத்தை சரியில்லைன்னு எழுதித்தான் குடுக்கணும், வேற என்னத்த எழுத?"

கருமலையான் அதை வீட்டில் வந்து சொன்னபோது மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பத்தாம் வகுப்பின் பாதியில், அப்படி எழுதிய காகிதத்தோடு போனால் எந்தப் பள்ளியும் சேர்க்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். அவள் கொத்துவேலைக்கோ களத்துக்கோதான் போக வேண்டும். பஞ்சவர்ணம் மகளின் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"தாயி, ஒரே ஒரு வார்த்த. ஒரு வார்த்தைய மட்டும் பாத்து எழுதிரு. அம்மாவுக்காக."

"ஏம்மா, நான் என்னம்மா தப்புப் பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலத்தா. அதான் இப்பத் தப்பாயிருச்சு."

இருளேஸ்வரி முதலில் ஏமாற்றத்தான் பார்த்தாள், அதாவது நல்லபடியாக ஏமாற்ற. கடையில் ஒரு புட்டி மை வாங்கி, வலது கையை மணிக்கட்டு வரை நனைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பினாள். தெருமுனையைத் தாண்டும்போதே மை வெடித்தது, பள்ளி வாசலில் செதில் செதிலாக உதிர்ந்தது, வகுப்புக்குள் நுழையும்போது கை பிறந்த குழந்தையின் கைபோல் இருந்தது. வகுப்பே சிரித்தது. அடுத்த நாள் வீட்டில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதினாள். அதுவும் காய்ந்தது, வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுதுவதில் என்ன களவு இருக்கிறது. பொய்யைக்கூட உண்மையாகச் செய்தால்தான் அந்த மை ஏற்றுக்கொள்ளும் என்று அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது. உட்கார்ந்து அழுதாள். கண்ணீர் கன்னத்தைத் தாண்டவில்லை.

அரையாண்டு அறிவியல் தேர்வன்று குருவம்மாள் டீச்சர் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, போவதற்கு முன் ஜெனோவாவைத் தோளைப் பிடித்து எழுப்பி இருளேஸ்வரிக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார். அவருடைய நீலக் கை ஒரு கணம் இருளேஸ்வரியின் தலைமேல் இருந்தது. பிறகு கதவு சாத்தப்பட்டது.

அன்றைக்கு ஒருவரும் புத்தகத்தை எடுக்கவில்லை, முதல் அரைமணியிலேயே ஒருவரையொருவர் பார்த்து அவசரமாக எழுதி முடித்தார்கள். பிறகு நாற்பத்தொரு பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முழுத் தேர்வையும் எழுதி முடித்தாள், படம் வரைந்தாள், பாகங்களைக் குறித்தாள், எல்லாம் அவளுடையது, எல்லாம் எழுத எழுதக் காய்ந்தது. ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டு வைத்திருந்தாள். மிளகாய் எவ்வகைத் தாவரம்? எருக்கங்களத்தில் பிறந்த குழந்தைக்கு அதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னால் நாற்றங்காலில் விதை வெடித்து இரண்டு இலைகள் கூப்பிய கையாக வெளியே வருவதைத் தவழ்கிற வயசிலிருந்து பார்த்தவள் அவள். இருவித்திலை.

ஜெனோவா தன் தாளை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் 'ஒருவித்திலை' என்று எழுதியிருந்தது. ஈரமாக இருந்தது. யாரிடமிருந்து யார் வாங்கியதோ, எத்தனை பெஞ்சு கடந்து வந்த தப்போ.

இருளேஸ்வரி அதைப் பார்த்தாள். எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். சரியான விடை நாக்கு நுனியில் நின்றது. அதை விழுங்கிக்கொண்டு, பார்த்ததைப் பார்த்தபடியே எழுதினாள். எழுதி முடித்து ஊதிப் பார்த்தாள். காயவில்லை.

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. ஜெனோவா அவளைக் கட்டிக்கொண்டு, "இருளு, என் இருளு" என்று அழுதாள். பின்பெஞ்சுக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். யாரோ மிட்டாய் கொடுத்தார்கள். மத்தியானத்துக்குள் மை விரலிலிருந்து இறங்கி உள்ளங்கை ரேகைகளை நிரப்பிவிட்டது. குழாயடியில் அவளுக்கு இடம் விட்டார்கள், பிறகு இடித்துத் தள்ளிக்கொண்டு அவளோடு சேர்ந்து தண்ணீர் குடித்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு ஒருத்தி அவள் சடையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, நிஜமாகவே வந்தது, அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியர் அவளை அறைக்கு வரச் சொன்னார். மேசைமேல் கட்டாக மற்ற தாள்கள் சொட்டிக்கொண்டிருக்க, அவளுடைய அறிவியல் தாள் தனியாக இருந்தது. ஒவ்வொரு தேர்வுக்குப் பிறகும் அவளுடைய தாளை மட்டும் எடுத்துத் தடவிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகியிருந்தது. அது காய்ந்திருக்கிற வரைக்கும் தான் சொன்னதில் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வாராம். அதையும் அவரே சொன்னார். பிறகு அவள் முன்னாலேயே விரலை முதல் பக்கத்திலிருந்து ஓட்டினார். எழுதும்போது காய்ந்திருந்த உறுதிமொழியின் மூன்று வரியும் இப்போது ஈர மையாக மினுங்கின. அடுத்த பக்கம் காய்ந்திருந்தது, அடுத்ததும் காய்ந்திருந்தது, கடைசிப் பக்கத்தில் ஒரு வார்த்தையில் விரல் நின்றது.

"ஏம்மா?" என்றார். "ஒனக்குத் தெரியுமே இது."

"தெரியும் சார்."

"அப்புறம் ஏம்மா?"

"எல்லாரும் சொன்னாக சார்."

"நான் சொல்லலியேம்மா. நான் ஒரு வார்த்த சொல்லலியே."

அவள் அவருடைய நீலக் கையைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். "ஆமா சார்," என்றாள். "நீங்க ஒண்ணுமே சொல்லல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள், போகட்டுமா சார் என்று கேட்டுவிட்டு வெளியே வந்தாள்.

திங்கட்கிழமை கொடிக்கம்பத்துக்குக் கீழே அவள் மைக்கைப் பிடித்தபோது கை நடுங்கவில்லை. இந்தத் தாளில் இருப்பது என் உழைப்பு என்றாள், நானூறு பேர் சொன்னார்கள். நான் யாரையும் பார்த்து எழுதவில்லை என்றாள், சொன்னார்கள். மூன்றாவது வரியைச் சொல்லும்போது மைக்கிலிருந்து ஒரு சொட்டு நீலம் வழிந்து மண்ணில் விழுந்தது. ஒரு குடம் தண்ணீரைக் கண்மூடித் திறப்பதற்குள் குடிக்கிற அந்த மண் அந்தச் சொட்டைக் குடிக்கவில்லை. பிள்ளைகள் அதைச் சுற்றிக்கொண்டு வரிசையாக வகுப்புக்குப் போனார்கள்.

சாயங்காலம் பஞ்சவர்ணம் பாயசம் வைத்திருந்தாள். தவசிலிங்கம் வீட்டிலிருந்து ஒரு சீப்பு வாழைப்பழம் வந்திருந்தது. கருமலையான் மகளின் நீலக் கையைத் தன் நீலக் கைக்குள் வைத்துக்கொண்டு, "போகுது விடாத்தா" என்று சொல்ல வந்து, சொல்லாமல் எழுந்து போனார். இருளேஸ்வரி டம்ளரோடு வீட்டுக்குப் பின்னால் போனாள். அந்த வருஷம் மழை பிந்தியதால் நாற்றங்கால் பிந்திப் போட்டிருந்தார்கள். விதைகள் அன்றைக்குத்தான் வெடித்திருந்தன. பாத்தி முழுக்க, வரிசைக்கு வரிசை, ஆயிரக்கணக்கான நாற்றுகள் நின்றன, ஒவ்வொன்றிலும் இரண்டு இலை.

அவள் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஊரில் யார் முன்னாலும் இனி அந்தக் கையை மறைக்க வேண்டியதில்லை. அந்தச் செடிகளுக்கு முன்னால் நிற்கத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.